ஐம்பது கிராம் பிரவுனி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை ஆய்வாளர் குளித்து, தலை வாரி, கூடத்தின் நடுவில் வந்து நின்று, தாம் இனி வேறு மனிதர் என்று அறிவித்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். அப்போது சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் குவளைக்கும் ரொட்டித் தட்டுக்கும் நடுவே கிடைத்த ஒரு சாண் இடத்தில், நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எந்த மனுஷர்?" என்று கேட்டாள். தலை நிமிரவில்லை.

"ஆறு வாரத்துல மூணு கிலோ குறைக்கப்போறேன்."

"போன தடவை இப்படிச் சொல்லிட்டு ரெண்டு கிலோ ஏறினீங்க."

"அது முயற்சி. இது முடிவு."

கடைகடையாய்ப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. பித்தளை எடைக்கற்கள் அடங்கிய ஒரு மரப்பெட்டியோடு அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே, கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கிராம் சார்'. ஊர்த் தராசையெல்லாம் நிமிர்த்தியவருக்குத் தம் வயிற்றை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. தினமும் நாலு மணிக்கு இரண்டு கிரீம் பன் சாப்பிட்டு வந்ததற்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை, அது பரம்பரை என்பது அவர் கட்சி.

"பின்னறையைக் காலி பண்ணி ஜிம்மா மாத்தப்போறேன்" என்றார்.

இப்போதுதான் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த அறையை நான் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு பெரிய மேசை போடணும்னு."

"ஒரு மேசைக்கு ஒரு அறையா?"

"தூக்காத இரும்புக்கு மட்டும் ஒரு அறையா?"

வாக்குவாதம் காப்பி ஆறும்வரை நடந்தது. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆய்வாளரே அதைத் தம் முத்தான கையெழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். ஆறு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தால் அறை அவருக்கு. குறையாவிட்டால் மனைவிக்கு. ஞாயிறுதோறும் காலை, அவரே சோதித்துச் சரிபார்த்த தராசில் எடை பார்க்கப்படும். கடைப் பண்டத்தைத் தொட்டால் அன்றே தோல்வி. வீட்டில் செய்ததை மட்டும் சாப்பிடலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். பயிற்சியாளனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கை மட்டும் தொடை அளவு இருந்தது.

"ஒர்க்-அவுட் முடிச்சு அரை மணிக்குள்ள புரோட்டீன் உள்ள போகணும் சார். போகலேன்னா தூக்கினதெல்லாம் வீண்."

"அப்போ நான் இதுவரைக்கும் தூக்கினது?"

"வீண்தான் சார். நான் ஒரு வீகன் பிரவுனி சொல்றேன், செஞ்சு வெச்சுக்குங்க. பால் கிடையாது. வெண்ணெய் கிடையாது. முட்டை, மைதா, சர்க்கரை எதுவும் கிடையாது."

"பின்னே என்னதான் இருக்கு?"

"மன உறுதி சார்."

மன உறுதியோடு வேகவைத்த ராஜ்மா, பேரீச்சம்பழம், கோக்கோ, அரைத்த வேர்க்கடலை, ஆளிவிதை, ஒரு பெரிய டின் புரோட்டீன் பொடி ஆகியவையும் இருந்தன. அன்று மாலையே ஆய்வாளர் சமையலறையைக் கைப்பற்றினார். ஒவ்வொன்றையும் கிராம் பிசகாமல் நிறுத்தார். பேரீச்சம்பழம் இரண்டு கிராம் கூடிப்போக, ஒரு பழத்தைக் கடித்துச் சரிசெய்தார்.

பயிற்சியாளன் சொன்ன இருபத்தைந்து நிமிடம் ஆனதும் மின்னடுப்பைத் திறந்து ஒரு குச்சியால் குத்திப் பார்த்தார். குச்சியில் ஈரம் ஒட்டியிருந்தது.

வேறு யாராயிருந்தாலும் அதோடு இறக்கியிருப்பார்கள். ஆனால் இவர் இருபது வருடமாக எடை ஆய்வாளர். தண்ணீர் தெளித்த அரிசி, நனைத்த பருப்பு, ஈரச் சாக்கில் கட்டிய சர்க்கரை என்று எத்தனை பார்த்திருக்கிறார். ஈரம் என்றால் எடையை ஏற்றும் திருட்டு. தம் வீட்டு அடுப்பிலேயே அது நடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. கதவைச் சாத்தினார். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் வேகவிட்டார்.

பிறகு துண்டு போட்டார். கத்தி வளைந்தது. இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் சரியாக ஐம்பது கிராம். நாற்பத்திரண்டு நாளுக்கு நாற்பத்திரண்டு துண்டுகள்.

மனைவி ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள்.

"யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு" என்றாள். "கொஞ்சம் ஈரம் விட்டிருக்கலாமேங்க."

"ஈரம்னா ஏமாத்து. உனக்கு அந்த உலகம் தெரியாது."

"ஈரமே இல்லாததுக்குப் பேரு செங்கல். எனக்கு அந்த உலகம் தெரியும்."

"ஆரோக்கியம் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்."

முதல் நாள் ஒரு பிரவுனியை முக்கால் மணி நேரம் வாயில் வைத்திருந்து கரைத்தார். அதற்குள் புரோட்டீனுக்கான அரை மணிக் கெடு தாண்டிவிட்டது. இரண்டாம் நாள் கடைவாய்ப் பல் ஒன்று தன் கருத்தைச் சொன்னது. மூன்றாம் நாள், மனைவி பார்க்க ஒரு பிரவுனியைக் கையில் எடுத்தார். அவள் பார்க்காதபோது அதை எடைப்பெட்டியின் அடியறையில் போட்டுக்கொண்டார். நேரே பேக்கரிக்குப் போனார்.

அலுவலகத்துக்குப் போகிற வழியில்தான் இருந்தது அந்தப் பேக்கரி. கடைக்காரர் இவரைக் கண்டதும் வழக்கம்போலத் தராசைத் துடைக்கப் போனார்.

"இன்னிக்குச் சோதனை இல்லய்யா" என்றார் ஆய்வாளர், குரலைத் தாழ்த்தி. "பிரவுனி இருக்கா?"

இருந்தது. கடையின் பின்பக்கம், மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏற்பாடாயிற்று.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பிரவுனி இன்னும் நன்றாக இருப்பதாகப் பட்டது. மெத்தென்று, நடுவில் லேசாகக் குழைந்து, மேலே இரண்டு கல் உப்போடு.

"புது கைப்பக்குவமாய்யா?"

"ஆமா சார். புதுசா ஒரு ஆள்."

"வெண்ணெய் நிறையப் போடுவாரோ?"

கடைக்காரர் தராசைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "சார் எதிர்பார்க்கிற மாதிரியே இருக்கும் சார்" என்றார்.

இப்படியாக வாரங்கள் நகர்ந்தன. தினமும் ஒரு பிரவுனி எடைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டி தினமும் ஐம்பது கிராம் கனத்தது. ஒருநாள் மளிகைக்கடையில் அவசரமாகக் கையை விட்டு, எடைக்கல்லுக்குப் பதில் பிரவுனியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். முள் சரியாக ஐம்பதில் நின்றது.

"புது மாதிரிக் கல்லா சார்?" என்று மளிகைக்காரர் பணிவாகக் கேட்டார்.

"சோதனையில இருக்கு" என்று சொல்லி உள்ளே போட்டார்.

முதல் ஞாயிறு எடை பார்த்தபோது நானூறு கிராம் குறைந்திருந்தது. தினம் நாலு தடவை டம்பெல் தூக்கியதன் பலன் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு இன்னும் அறுநூறு. கொஞ்சம் நெற்றி சுருங்கியது. வெண்ணெயும் சர்க்கரையும் தின்று ஒருவன் இளைப்பானா? தராசைச் சந்தேகித்தார். பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, இறக்கி, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். தராசில் குற்றமில்லை.

போதாக்குறைக்குப் புரோட்டீன் பொடி டின்னில் கணக்கு உதைத்தது. ஒரே ஒரு நாள் பயன்படுத்திய டின், முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. அடைக்கும்போதே எடை குறைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அந்தக் கம்பெனிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

"தப்பு அவங்க மேலதான்னு உறுதியாத் தெரியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"எடை விஷயத்துல என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்."

"அதுவும் சரிதான்" என்றாள் அவள்.

ஐந்தாம் ஞாயிறு வந்தபோது மொத்தம் இரண்டு கிலோ எண்ணூறு போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி ஊஞ்சலாடியது. மறுநாள் அலுவலகத்தில், பக்கத்து நாற்காலி முத்திரைக் குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன கிராம் சார், பட்டினியா?"

"இல்லய்யா. ரகசியமாச் சொல்றேன், நல்லாத்தான் சாப்பிடறேன். இனிப்புகூட."

குமாஸ்தாவின் முகம் மாறியது. "எங்க பெரியப்பாவும் அப்படித்தான் சார். இனிப்பு சாப்பிடச் சாப்பிட இளைச்சுக்கிட்டே போனார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கூடத்துல படமா இருக்கார். சிரிச்ச மாதிரி படம். நல்லா விழுந்திருக்கு."

அன்று முதல் ஆய்வாளருக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். நாடியைப் பிடித்து எண்ணினார். டாக்டரிடம் போகலாம், போனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று மனைவியை வைத்துக்கொண்டே கேட்பார். அந்தக் கவலையில் பேக்கரியில் மூன்றாவது பிரவுனியும் சாப்பிட்டார். ராத்திரிச் சாப்பாடு பாதிகூட இறங்கவில்லை. பசியும் போய்விட்டது, முடிவு நெருங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

ஆறாம் ஞாயிறு காலை. தராசில் ஏறினார். முள்ளைப் பார்த்தார். மூன்று கிலோ நானூறு குறைந்திருந்தது.

மனைவி கை தட்டினாள். "ஜெயிச்சுட்டீங்க. அறை உங்களுக்குத்தான்."

ஆய்வாளர் தராசின்மேல் நின்றபடியே கண் கலங்கினார்.

"ஏம்மா, நான் இல்லேன்னா நீ சமாளிச்சுப்பியா?"

"ஏன், எங்கே போறீங்க?"

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் செஞ்ச பிரவுனியை நான் சாப்பிடவே இல்லை. தினம் பேக்கரியில ரெண்டு சாப்பிட்டேன். வெண்ணெய் போட்டது, சர்க்கரை போட்டது. ஒப்பந்தத்தை மீறிட்டேன். அதுதான் உள்ளே இருந்து என்னை அரிச்சுக்கிட்டிருக்கு. இந்த அறையை நீயே எடுத்துக்க. நல்ல டாக்டரா மட்டும் பாரு."

மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு இல்லை. இந்த வாரம் மூணு."

"பேக்கரிக்காரன் சொல்லிட்டானா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? சுட்டுக் குடுக்கறவளுக்குத் தெரியாதா?"

ஆய்வாளர் தராசிலிருந்து இறங்கி உட்கார்ந்தார்.

"நாலாம் நாள் பெருக்கறதுக்காக உங்க பெட்டியைத் தூக்கினேன். கடகடன்னுது. சட்டைப்பையில பேக்கரிக் காகிதம். நேரே போய் அவரைக் கேட்டேன். பாவம், தராசுக்காரர் கேட்டா எப்படி இல்லைங்கறதுன்னு கும்பிட்டார். சரி, இனிமே அவருக்கு நான் தர்றதைக் குடுங்கன்னுட்டேன். நீங்க ஜிம்முக்குப் போற நேரத்துல சுடறேன். அதே ராஜ்மா, அதே பேரீச்சை, அதே பொடி. இருபத்தஞ்சே நிமிஷம். கொஞ்சம் ஈரம் விட்டேன், அவ்வளவுதான்."

"அப்போ வெண்ணெய்?"

"வேர்க்கடலை."

"அப்போ எனக்கு நோய்?"

"கிரீம் பன் நின்னுபோச்சு. வேற ஒண்ணும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிப்போடுங்க."

ஆய்வாளருக்கு உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே சட்ட ஞானமும் வந்தது. எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த தாளை விரலால் தொட்டுப் படித்தார்.

"'வீட்டில் செய்ததை மட்டும் சாப்பிடலாம்.' நான் சாப்பிட்டது நம்ம வீட்டுல செஞ்சது. கடைப் பண்டத்தை மொதல்ல ஒண்ணு ரெண்டு நாள்தான் தொட்டேன். அதை நீ அன்னிக்கே கேக்கலை. மூணு கிலோவும் குறைஞ்சாச்சு. அதனால அறை எனக்கு."

"ஆமா" என்றாள் மனைவி. "உங்களுக்குத்தான்."

இருபது வருட அனுபவத்தில், தாராளமாகப் பார்த்துக்குங்க சார் என்று சொன்ன எந்தக் கடைக்காரரையும் ஆய்வாளர் நம்பியதில்லை.

"அப்புறம்?" என்றார் மெதுவாக.

"அப்புறம் ஒண்ணும் இல்லை. பேக்கரியில எல்லாரும் அதையே கேக்கறாங்களாம். உங்க பயிற்சியாளரே தினம் நாலு வாங்கறார். நாப்பது வேணும்கறார் கடைக்காரர். இந்தச் சின்ன மேடையில என்னால முடியாது. மேசை போடத்தான் இடமில்லையே, நாளையோட நிறுத்திடறேன்னு சொல்லிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. நீங்க செஞ்சது நாப்பது அப்படியே பெட்டியில இருக்கு. எண்ணிப் பார்த்தேன்."

ஆய்வாளர் எடைப்பெட்டியைப் பார்த்தார். கடைவாயில் அந்தப் பல் மறுபடி பேசியது.

மதியத்துக்குள், வீட்டில் வாங்கி வைத்திருந்த டம்பெல் இரண்டும் கட்டிலுக்கு அடியில் போயின. கடையிலிருந்து அன்றே வந்திறங்கிய பெரிய மேசையின் ஒரு முனையை ஆய்வாளரே தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனார். ஆறு வாரத்தில் அவர் உண்மையாகத் தூக்கிய கனமான பொருள் அதுதான்.

மறுவாரம் மேசைமேல் ஒரு சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது. சோதித்து முத்திரை வைக்க அவரையே கூப்பிட்டாள். பித்தளைக் கற்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி.

"ஏங்க, எனக்கு ஒரு அம்பது கிராம் கல் குறையுது" என்றாள் மனைவி. ஒரு கையில் அவர் சுட்ட பிரவுனி, மறு கையில் முத்திரை. "இதுலயே ஒண்ணு குத்திக் குடுத்துடுங்களேன்."

ஆய்வாளர் அதைத் தட்டில் வைத்துப் பார்த்தார். ஆறு வாரத்தில் அந்த வீட்டில் ஒரு கிராம்கூட இளைக்காதது அது ஒன்றுதான்.