ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

மனிதர்களில் சங்கச் செயலாளர் என்று ஓர் இனம் உண்டு. தனியாக விட்டால் வாடிவிடும். நாலு நாற்காலியைப் போட்டு நடுவில் ஒரு ஃபைலை வைத்தால் உடனே துளிர்க்கும். இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. ஆனாலும் இறகுப்பந்துச் சங்கச் செயலாளரை ஒருமுறை பார்த்துவிட்டீர்களானால் மற்றவற்றைப் பார்க்கக் கண் ஒப்பாது.

உங்களுக்கும் எனக்கும் இறகுப்பந்து என்றால் என்ன? ஒரு வலை, இரண்டு மட்டை, ஒரு பந்து. வேர்த்தால் வீட்டுக்குப் போய்க் குளிப்போம். நம்மவருக்கு அப்படியா? உச்சியில் உலகச் சம்மேளனம், அதன் மடியில் ஐந்து கண்டச் சம்மேளனங்கள், அவற்றின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேசியச் சங்கங்கள், சங்கங்களுக்குள் விதிக்குழு, நடுவர் குழு, நன்னடத்தைக் குழு, இந்தக் குழுக்கள் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்க இன்னொரு குழு. இத்தனைக்கும் அடியில், டார்ச் அடித்துக் குனிந்து தேடினால், ஆட்டக்காரர் என்று யாரோ ஒருவர் மூச்சிரைக்க நின்றுகொண்டிருப்பார். அவரை நம்மவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சும்மா சும்மா ஆட வேண்டும் என்பார்.

நம்மவர் மட்டையைத் தொட்டது வாழ்நாளில் ஒரே தடவை, ஓர் அரங்கத் திறப்பு விழாவில். அடித்த பந்து ரிப்பனில் மாட்டிக்கொண்டது. ஆனால் கோட்டுப் பையில் சின்னம், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் "முறைப்படி வரட்டும்", இந்த மூன்றும் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. சாப்பாட்டு மேசையில் மகள் உப்பைக் கேட்டால், "யார் முன்மொழியறது, யார் வழிமொழியறது?" என்பார். மனைவி இரண்டையும் தானே செய்து, ஏகமனதாக நிறைவேற்றி, உப்பைத் தள்ளிவிடுவாள். பழகிவிட்டது.

போதாத காலம், அந்த மகள் நன்றாக ஆடித் தொலைத்தாள்.

இளையோர் உலகப் போட்டி வந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் இல்லை. ஆட்டக்காரர் தானாகப் பெயர் கொடுக்க முடியாது. தேசியச் சங்கம்தான் அனுப்ப வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். அனுப்ப வேண்டியவர் செயலாளர். செயலாளர், அப்பா.

"அப்போ பிரச்சினையே இல்லையே. பட்டனைத் தட்டுங்க" என்றாள் மனைவி.

சர்வீஸ் போடும்போது தும்மிய பார்வையாளரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"பெத்த பொண்ணு பேரை நானே அனுப்பினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? செயற்குழு தீர்மானம் போடட்டும். அதுவரைக்கும் நான் வெளியே நிக்கறேன். முறைப்படி வரட்டும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம். ஏழு பேரில் தலைவர், பொருளாளர், நடுவர் குழுத் தலைவர், நம்மவர் ஆக நாலு பேர் வந்தார்கள். நாலு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மகளின் பெயர் வந்ததும் நம்மவர் கம்பீரமாக எழுந்து வெளியே போனார்.

"இப்போ மூணு பேர்தான் இருக்கோம். செல்லாது" என்றார் பொருளாளர்.

உள்ளே கூப்பிட்டார்கள். கூட்டம் செல்லுபடியானது. மறுபடி பெயரைப் படித்தார்கள். நம்மவர் எழுந்து போனார். கூட்டம் செல்லாமல் போனது. இப்படி ஆறு தடவை.

"டாக்டர் நடக்கச் சொன்னப்போ ஒரு அடி எடுத்து வைக்கல மனுஷன்" என்றாள் மனைவி, தேநீர்த் தட்டோடு ஒதுங்கி வழிவிட்டபடி.

நாலரைக்குத் தலைவருக்கு ஞானம் பிறந்தது. "செயலாளரே, வாசப்படியில நில்லுங்க. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே இருக்கற கால் எண்ணிக்கைக்கு. வெளியே இருக்கற கால் நேர்மைக்கு."

நின்றார். நடுவர் குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "உள்கால் படி மேலேயே இருக்கே. படிங்கறது கோடு மாதிரி. அப்போ இது உள்ளேயா, வெளியேயா?"

"கோட்டுல விழுந்தா உள்ளேதான் மாமா" என்றாள் மகள். மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் அவள் மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"அது பந்துக்கும்மா. சர்வீஸ் போடற ஆளோட கால் கோட்டுல பட்டா ஃபால்ட். இப்போ உங்கப்பா பந்தா, ஆளா?"

கனமான கேள்வி. மூவரும் விதிப்புத்தகத்தில் மூழ்கினார்கள். நம்மவரும் ஆவலில் கழுத்தை நீட்டினார். கழுத்து உள்ளே வந்துவிட்டதாக ஆட்சேபம் எழுந்தது. இழுத்துக்கொண்டார்.

"அப்பா, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"பேசாம இரும்மா. உனக்காகத்தானே நிக்கறேன்."

மனைவி தட்டை வைத்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தாள். "பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"அது சங்கத்து ரகசியம்!"

மணி ஐந்து அடித்தது. ஐந்து மூன்றுக்கு, செயலாளர் பந்துதான் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஐந்து பத்துக்கு மகளின் பெயர், முறைப்படி, போனது. உடனே பதில் வந்தது: ஆட்டக்காரர் பதிவு முடிந்துவிட்டது, அணி அதிகாரிகளின் பெயர்களைத் திங்கட்கிழமை வரை அனுப்பலாம்.

அதில் யாருடைய மகளும் இல்லை. ஆட்சேபம் ஏது? இரண்டே நிமிஷத்தில் மேலாளர், துணை மேலாளர், பார்வையாளர், பார்வையாளருக்குத் துணை என்று நாலு பேரும் அணியானார்கள்.

கிளம்புகிற அன்று காலை, கோட்டு மடிப்புக் கலையாமல் வைக்க மகளின் நீளமான மட்டைப் பை தோதாக இருக்கும் என்று நம்மவருக்குத் தோன்றியது.

"அந்தப் பையைக் கொஞ்சம் குடும்மா."

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதிக் குடுங்கப்பா. முறைப்படி வரட்டும்."

சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் போன மாதம் உங்கள் வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ ஏதோ கேட்டு வந்து நின்றபோது, "எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம்" என்றீர்களே, உட்கார்ந்தீர்களா? கேட்டவர் இன்னும் மாடிப்படியில்தான் இருக்கிறாரா? எதற்கும் ஒருமுறை குனிந்து, உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.