பரணிலிருந்து விழுந்த நோயாளி

"இந்த வாரம் நான் ஒரு மாணவன். துரும்பைக்கூட அசைக்க மாட்டேன்!"

இப்படி ஒரு சபதம் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவர்தான். சாப்பாட்டு வாசனை தவிர வேறெதுவும் அவரை எழுப்பவில்லை.

தெருவில் அவருக்குச் 'சைரன்' என்று பெயர். ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிற வேலை. வண்டி மேல் ஒரு சைரன், வண்டிக்குள் ஒரு சைரன் என்று கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. கைராசிக்காரர், ஆனால் காலில் வெந்நீர் கொட்டிய அவசரக்காரர். வினையே அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த வேலையில் இருப்பவர்களுக்கெல்லாம் மறுபயிற்சி உண்டு. முடிவில் செய்முறைத் தேர்வு. போன தடவை நோயாளியாக நடித்தவரை நடுக்கூடத்தில் அம்போவென்று விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பப் போய்விட்டார். பயிற்சி டீச்சர் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததால் பிழைத்தார். இந்தத் தடவை தவறினால் வண்டியிலிருந்து இறக்கி ஸ்ட்ரெச்சர் கழுவ விட்டுவிடுவார்கள்.

ஆனால் புத்தகத்தைத் திறந்தால் கண் மூடிக்கொண்டது. என்ன செய்ய?

"நீ கேள்வியைப் படி. நான் பதில் சொல்றேன்" என்று புத்தகத்தை மனைவி பக்கம் தள்ளினார். அவள் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாகக் கேட்டாள். அவர் குறட்டையால் பதில் சொன்னார். சரியான பதிலையும் அவளே படித்துக்கொண்டாள். வாரம் முழுக்க இதே கூத்துதான்.

விடிந்தால் தேர்வு என்ற நிலையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சமையலறையில் ஏணி நின்றது. பரணில் கிடந்ததில் பாதி தரைக்கு வந்திருந்தது. ஓட்டை வாளி, காது போன குக்கர், உடம்பைக் குறைக்கிறேன் என்று அவர் வாங்கி உடம்பு கூடியதும் மேலே ஏற்றிய உடற்பயிற்சி சைக்கிள்.

"என்னங்க, மேல இருக்கிற மீதியை இறக்குங்க."

"நாளைக்கு எனக்குப் பரீட்சை!"

"பரீட்சைக்குப் படிக்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மேட்ச் எப்ப ஆரம்பிக்குதுன்னு எதுக்குக் கேட்டீங்க?"

மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் சைரனுக்கு மூளை வேலை செய்யும். வேலை சொல்கிற ஆளையே படுக்க வைத்துவிட்டால்?

"இந்தா பாரு, செய்முறை பழகணும். அதுக்கு ஒரு நோயாளி வேணும். நீ பரண்லேர்ந்து விழுந்துட்டேன்னு வச்சுக்குவோம். கழுத்துக்குப் பட்டை போடுவேன். நான் சொல்றவரைக்கும் அசையக் கூடாது."

பட்டையை மாட்டிவிட்டுப் பூனை மாதிரி நழுவி, பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம். இதுதான் திட்டம்.

"சரிங்க" என்று ஏணியடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள் அவள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். தாலி கட்டின நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே வார்த்தையில் சரி என்று சொன்னதில்லை.

சைரன் பாய்ந்து போய்க் கழுத்தைப் பிடித்தார்.

"நீங்க ஃபெயில்" என்றாள் நோயாளி.

"ஏன்?"

"முதல்ல இடம் பத்திரமான்னு பார்க்கணும். இவ்வளவு சாமான் கிடக்கு. தடுக்கி என்மேல நீங்க விழுந்தா, யார் யாரைத் தூக்குறது?"

புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொல்லைப்புறம் கொண்டுபோனார்.

"மேல பாருங்க. அந்த அண்டா உருண்டா என் மண்டை என்னாகும்?"

ஏணியில் ஏறினார். அண்டா இறங்கியது. அண்டாவுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் இறங்கியது.

"தூசி கொட்டுதே. நோயாளிக்கு மூச்சு முட்டாதா?"

பரணைத் துடைத்தார். இருமிக்கொண்டே இறங்கி வந்து பாய் அருகே மண்டியிட்டார்.

"நான் ஆம்புலன்ஸ்லேர்ந்து வர்றேன். உங்களுக்கு உதவி செய்யலாமா?"

"செய்ங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேட்கிறீங்க."

ஒருவழியாகப் பட்டை ஏறியது. பக்கத்து வீட்டில் 'ஓ' என்று ஒரு கூச்சல். சைரன் வாசலைப் பார்த்து ஓரடி வைத்தார்.

"எங்க போறீங்க? நம்ம அளவுக்காவது படிச்சவங்ககிட்ட ஒப்படைக்காம நோயாளியை விட்டுட்டுப் போகலாமா? போன தடவை எதுல மாட்டினீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"சரி, ஒரு வாய் காபியாவது கொடுங்க" என்றாள்.

"கூடாது! அடிபட்டவங்களுக்கு வாய்வழியா ஒண்ணும் கொடுக்கக் கூடாது!" அன்றைக்கு அவர் ஜெயித்த ஒரே இடம் அதுதான்.

"நல்லது. நான் காலையிலயே வயிறு நிறையச் சாப்பிட்டாச்சு. உங்களுக்கு மத்தியானம் யார் சமைப்பா?"

ஜெயித்த இடத்திலேயே வழுக்கியது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்து அலறினார். அங்கே ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறாள், அவரைவிட மேலே படித்தவள். அவள் வந்து பார்த்தாள்.

"அக்கா, இவளை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன்!"

"நாடி எவ்வளவு?"

"பார்க்கல."

"கை கால் விரல் அசையுதா?"

"கேட்கல."

"இது ஒப்படைக்கிறது இல்ல தம்பி, தலை முழுகுறது. முதல்லேர்ந்து ஒழுங்கா பண்ணுங்க. மேட்ச் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்."

அவள் மேட்ச் பார்க்கப் போய்விட்டாள். இவர் முதலிலிருந்து செய்தார். நாடி பிடித்தார், விரலை அசைக்கச் சொன்னார், எங்கே வலி என்று கேட்டார், சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுநடுவே நோயாளியின் பத்திரத்துக்காக ஏணியைக் கழுவினார், தரையைத் துடைத்தார். நர்ஸ் அக்கா வந்து, ஒப்படைப்பைக் குற்றம் குறையில்லாமல் வாங்கிக்கொண்டு, யார் ஜெயித்தார்கள் என்பதையும் சொன்னாள். மனைவி எழுந்து சோம்பல் முறித்தாள்.

மறுநாள் தேர்வில் சைரன் அவசரமே படவில்லை. இடத்தைப் பார்த்தார், அனுமதி கேட்டார், ஒப்படைக்கும்வரை நோயாளியின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பயிற்சி டீச்சரே அசந்துபோனாள்.

"இவ்வளவு பொறுமையை எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதான்" என்றார்.

வண்டியில் அவருக்கு இடம் உறுதி. வீட்டுக்குள் நுழையும்போதே அவருக்கு மனைவி மேல் பாசம் பொங்கியது. "உன்னாலதான் பாஸானேன்! இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பயிற்சித் தொல்லையே இல்ல!"

"ரெண்டு வருஷம் சும்மா விட்டா கை மறந்துடும்ங்க" என்றாள் அவள் கரிசனத்தோடு. "வர்ற ஞாயிறு நான் குளியலறைப் பாசியில வழுக்கி விழறேன்."