சின்னம்மா சாப்பிட்ட நண்டும் பூட்டப்பட்ட தரவுத்தளமும்

நான் நிதானமானவள் என்று உறவினர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. பதற்றம் வந்தால் என் முகத்துக்குத் தகவல் போய்ச் சேரத் தாமதமாகும், அவ்வளவுதான். வீடு தீப்பிடித்து எரிந்தாலும் நான் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பேன். முதலாவது, தண்ணீர். இரண்டாவது, வாளி. மூன்றாவது, வாளி எங்கே என்று அம்மாவைக் கேட்பது.

இந்தக் குணத்தோடு ஒருத்தி கணினிப் பொறியியலும் படித்துவிட்டால் எவ்வளவு ஆபத்தானவளாக ஆகிறாள் என்பது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு நன்றாகவே தெரியும். (எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் என் பெயரை வெளியே சொல்லவில்லை. பதில் மரியாதை.)

அப்போது நான் முதுகலை மாணவி. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் இலையைப் படம் பிடித்துக் காட்டினால் மரத்துக்கு என்ன நோய் என்று கணினி சொல்ல வேண்டும். அதுதான் என் ஆய்வு. வரும் வியாழக்கிழமை ஆய்வு முன்மொழிவைத் தேர்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். தேறாவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்கலாம், ஆனால் என் உதவித்தொகை காத்திருக்காது. இதே துறையில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளை நான் படித்திருக்கிறேன் என்று குழுவுக்குக் காட்ட வேண்டும். நான் படித்திருந்தது தலைப்புகளை மட்டும். அதுவும் எல்லாத் தலைப்புகளையும் அல்ல.

சாதாரண மாணவர்கள் நூலகத்தின் இணையத்தளத்தில் நுழைந்து, தரவுத்தளத்தில் தேடி, கட்டுரைச் சுருக்கத்தைப் படித்து, தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்வார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நான் பொறியாளர் இல்லையா? ஒரு நிரல் எழுதினேன். செம்பனை, இலை, நோய் என்ற சொற்கள் எங்கே தட்டுப்பட்டாலும் அந்தக் கட்டுரையை அது தானாகவே இறக்கிவிடும். ஒரு கட்டுரைக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் மூச்சு விடும்படிதான் முதலில் எழுதியிருந்தேன். மெதுவாக இருந்ததால் அந்த வரியை நீக்கினேன். இணையம் அறுந்தால் வேறு இணைப்பைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் எழுதினேன். அந்த ஏற்பாட்டுக்காக என்னை நானே மிகவும் மெச்சிக்கொண்டேன்.

(இப்படி மொத்தமாக இறக்குவது விதிமீறல் என்று நூலகம் நடத்திய பயிலரங்கில் சொன்னார்களாம். நானும் போயிருந்தேன். சரியாக அந்த நேரத்தில்தான், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் தட்டு வந்தது.)

ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாணம். உலு திராமில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கிளம்பும்முன் நிரலை ஓடவிட்டுப் போகலாம் என்று சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். பட்டுப்புடவையோடு அம்மா வந்து நின்றார்.

“என்னடி செய்யுற?”

“வியாழக்கிழமைக்கு வேணுங்கறத டவுன்லோட் போடுறேம்மா.”

“பரீட்சைக்கா? அதப் போயி இங்க, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்துலயா ஆரம்பிப்பாங்க? நல்ல நேரம் இன்னும் இருக்கு. சாமி முன்னால வை.”

மறுப்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. ஆனால் எங்கள் வீட்டு மோடம் சாமி மேடைக்குக் கீழேதான் இருக்கிறது. வைஃபை அங்கேதான் முழுப் பலத்தோடு கிடைக்கும். ஆக, பக்தியும் பொறியியலும் ஒரே முடிவுக்கு வந்தன. முருகர் படத்துக்கும் வாழைப்பழத் தட்டுக்கும் நடுவே மடிக்கணினி அமர்ந்தது. அதன் நெற்றியில், அதாவது கேமராவுக்குச் சற்று மேலே, அம்மா குங்குமம் வைத்தார். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். சூடம் காட்டியதும் நான் விசையை அழுத்தினேன். கட்டுரைகள் கொட்ட ஆரம்பித்தன.

“நல்ல நேரத்துல ஆரம்பிச்சிருக்கு. பாதியில நிறுத்தாத, சொல்லிட்டேன்,” என்றார் அம்மா.

நிறுத்தும் எண்ணம் எனக்கு அறவே இல்லை.

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் ஒலிக்கும்போது என் கைப்பேசி அதிர்ந்தது. நூலகத்திலிருந்து தானியங்கி மின்னஞ்சல். என் கணக்கிலிருந்து அசாதாரணமான வேகத்தில் கட்டுரைகள் இறங்குகின்றன, உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பதிப்பகம் பல்கலைக்கழகம் முழுவதற்கும் தரவுத்தளத்தை மூடிவிடும் என்று அதில் இருந்தது. நான் அமைதியாக அட்சதை போட்டேன். பிறகுதான் முகத்துக்குத் தகவல் போனது.

“அப்பா, வீட்டுக்குப் போலாம். உடனே.”

“இப்பவா? பந்தி போடப் போறாங்க. சாப்பிடாம போனா பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?”

ஆய்வு உலகம் என்ன நினைக்கும் என்பது அப்பாவின் கணக்கில் இல்லை. மிச்சமிருந்தது சரசு சின்னம்மா. அம்மாவின் தங்கை, பக்கத்து வீடு, எங்கள் வீட்டுச் சாவி அவரிடம் உண்டு. கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்ற கோபத்தில் அவர் வரவில்லை. வராததோடு நிற்காமல், கல்யாண நாளும் அதுவுமாகக் காலைப் பசியாறலுக்கே நண்டு சமைத்துச் சாப்பிட்டிருந்தார். அதை நான் கைப்பேசியில் அழைத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

“சின்னம்மா, எங்க வீட்டுச் சாமி மேடையில என் லேப்டாப் இருக்கு. பட்டன கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சு நிறுத்துங்க. ரொம்ப அவசரம்.”

“சாமி மேடையிலயா? அலமாக்! நான் நண்டு சாப்பிட்டேனேடி. கை வாசம்கூட இன்னும் போகல.”

“கையக் கழுவிட்டுப் போங்க.”

“கழுவினா ஆச்சா? தலைக்கு ஊத்தணும்லா. இப்பதான் எனக்குக் காய்ச்சல் விட்டுருக்கு.” பேசிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே போகும் சத்தம் கேட்டது. “ஐயோ, பொட்டு வேற வச்சிருக்கு. என்னால முடியாதுமா.”

“ஒரு குச்சிய எடுத்து அழுத்துங்க.”

“சாமிய குச்சியால குத்தச் சொல்றியா?”

“அது சாமி இல்ல சின்னம்மா, லேப்டாப்!”

“பொட்டு வச்சாச்சுல்ல?”

அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. கடைசியில் வாசலோரம் இருக்கும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். மின்சாரம் போனால் மோடம் போகும், மோடம் போனால் நிரல் நிற்கும். மெயின் சுவிட்சில் யாரும் பொட்டு வைக்கவில்லை என்பதால் சின்னம்மா ஒப்புக்கொண்டார். டப் என்ற சத்தம் கைப்பேசியில் தெளிவாகக் கேட்டது. நான் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வீடு திரும்பியபோது குளிர்பெட்டியில் உறைய வைத்திருந்த மீனெல்லாம் கரைந்து, சமையலறையில் நீர் தேங்கியிருந்தது. அம்மா அதைப் பார்த்துக் கத்தினார். நான் சாமி மேடையைப் பார்த்துக் கத்தினேன். முருகருக்கு முன்னால் என் மடிக்கணினி, பேட்டரியில், பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் வைஃபை அறுந்ததும் நிரல் வேறு இணைப்பைத் தேடியிருக்கிறது. சின்னம்மா வீட்டு வைஃபை கிடைத்திருக்கிறது. தீபாவளியன்று அவர் வீட்டில் உட்கார்ந்து அதன் கடவுச்சொல்லை என் கணினியில் சேமித்து வைத்தவள் நான்தான். எங்களுடையதைவிட அவருடையது வேகமானது. (என் நூலகக் கடவுச்சொல்லை மண்டபத்தில் இருந்தபடியே மாற்றிப் பார்த்திருக்கலாம், நூலகத்துக்குப் பதிலாவது எழுதியிருக்கலாம் என்ற யோசனை இந்தப் பொறியாளருக்கு மறுநாள் காலையில் பல் விளக்கும்போது தோன்றியது.)

சரி, பழி வந்தாலும் கட்டுரையாவது மிஞ்சியதே என்று கோப்புகளைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. முதல் சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே கேள்வி: நீங்கள் மனிதர்தானா? பதிப்பகம் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறது. என் நிரல் பதில் சொல்லாமல், அந்தக் கேள்விக்கே அழகாகப் பெயரிட்டு, வரிசை எண் கொடுத்துச் சேமித்துக்கொண்டே போயிருக்கிறது.

திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் யாருக்கும் அந்தத் தரவுத்தளம் திறக்கவில்லை. என் மேற்பார்வையாளர் டாக்டர் ரோஸ்லினா அன்று ஒரு கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

“எந்த மடையன்லா இப்படிச் செஞ்சிருப்பான்?” என்றார் என்னைப் பார்த்து.

“கொஞ்சமும் பொறுப்பில்லாதவன், டாக்டர்,” என்றேன்.

மதியத்துக்குள் பொறுப்பில்லாதவனின் பெயர் அவருக்கு மின்னஞ்சலில் வந்துவிட்டது. என் கணக்கு முடக்கப்பட்டது. எச்சரித்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று எழுத்துமூலம் விளக்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை. ஒழுங்கு நடவடிக்கை என்றால் வியாழக்கிழமை எனக்குக் கிடையாது.

எனக்குப் பொய் எழுத வராது. வரிசையாக உண்மையை எழுதத்தான் வரும். எழுதிக் கொடுத்தேன். நூலகத் தரவுத்தளப் பிரிவின் தலைவர் ஹஸ்னா அம்மையார், மலாய் வழக்கில் புவான் ஹஸ்னா, என்னை எதிரில் உட்கார வைத்து வாய்விட்டுப் படித்தார்.

“மூன்றாவது: இயந்திரத்தை நிறுத்த அனுப்பப்பட்டவர் நண்டு சாப்பிட்டிருந்தார்.” கண்ணாடியைக் கழற்றினார். “நண்டா?”

“ஆமாம், புவான்.”

“நண்டுக்கும் என் தரவுத்தளத்துக்கும் என்ன சம்பந்தம்?”

சொன்னேன். சாட்சியாகக் குடும்பக் குழுவிலிருந்து அம்மா எடுத்த படத்தையும் காட்டினேன். முருகர், வாழைப்பழம், பொட்டு வைத்த மடிக்கணினி. அவர் படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

“ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்வாங்க. பூனை கீபோர்டு மேல நடந்துச்சுன்னு சொல்வாங்க. எல்லாம் கேட்டிருக்கேன். இத யாராலயும் கற்பனை பண்ண முடியாது.” சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையில் கவிழ்ந்துவிட்டார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. “மொத்தமா தரவு வேணும்னா அதுக்கு நம்மகிட்ட ஒரு சேவை இருக்கு. விண்ணப்பம் போட்டா பதிப்பகத்துக்கிட்ட பேசி முறையா வாங்கித் தருவோம். பயிலரங்குல சொன்னேனே. நீங்க வந்தீங்கதானே?”

“வந்தேன், புவான்.”

“என்ன ஞாபகம் இருக்கு?”

கறிபாப் சூடாக இருந்தது ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை.

நடவடிக்கை இல்லை, எச்சரிக்கையோடு சரி என்று முடிந்தது. புவான் ஹஸ்னா பதிப்பகத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பித் தரவுத்தளத்தைத் திறக்க வைத்தார். என் கணக்கு மட்டும் அந்தப் பருவம் முழுக்க மூடியே கிடந்தது. அவருடைய அறையில், அவர் கண்ணெதிரே, அவர் கணினியில் ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து படித்தேன். என்ன அவமானம், சாதாரண மாணவர்களைப் போல!

வியாழக்கிழமை தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார்: “நூற்பட்டியல் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?”

நான் வாய் திறக்கும்முன் டாக்டர் ரோஸ்லினா முந்திக்கொண்டார். “இந்த மாணவிக்கு அளவாக இறக்குவதில்தான் நம்பிக்கை.”

பட்டியலில் இருந்ததையெல்லாம் உண்மையாகவே படித்திருந்ததால் மற்ற கேள்விகளுக்குப் பதில் வந்தது. திருத்தங்களோடு தேறினேன். நல்ல நேரத்தில் ஆரம்பித்ததால்தான் தேறினேன் என்று அம்மா இன்றும் சாதிக்கிறார். கரைந்த மீனைப் பற்றியும் இன்றும் பேசுகிறார்.

இப்போது ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பொட்டு வைத்த மடிக்கணினியின் படம், என் சம்மதத்தோடு, அந்த நூலகத்தின் பயிலரங்கில் ஒவ்வொரு பருவமும் திரையில் வருகிறது. கறிபாப் வரும்முன் காட்டிவிடுகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மாவிடமிருந்து குரல் செய்தி வரும். “நண்டு வாங்கியிருக்கேன். ஏதாச்சும் நிறுத்தணும்னா இப்பவே சொல்லிடு. வாயில வச்சதுக்கப்புறம் என்னையக் கூப்பிடாத.” குடும்பக் குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும், என் கணினியில் எதுவும் ஓடவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, “சாப்பிடுங்க சின்னம்மா” என்று பதில் போடுவேன்.