மாடி வீட்டு இருமல்

"நாய், பூனை, கிளி எதுவும் கூடாது" என்று எட்டாவது வீட்டுக்காரரும் சொன்னபோது, "சேச்சே, எனக்கு நாய்னாலே ஆகாதுங்க" என்று தையல்காரர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னவருக்கும்தான்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருட சர்வீசில் பதினொரு கடி வாங்கியவர். ஒவ்வொன்றையும் தேதியோடு சொல்வார். கேட்காவிட்டாலும் தழும்பு காட்டுவார்.

தெருமுனை தாண்டியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "கன்னுக்குட்டி மாதிரி ஒண்ணு வீட்ல நிக்குது. அதை எங்க ஒளிப்பீங்க, சட்டைப் பையிலயா?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணணும். இது கிடைக்கலேன்னா நாயை உன் அண்ணன்கிட்டதான் விடணும். பரவாயில்லையா?"

அவள் முந்தானையில் முடிந்திருந்த அட்வான்ஸ் பணத்தை அவிழ்த்தாள். அண்ணன், கள்ளிச்செடியையே தண்ணீர் ஊற்றாமல் சாகடித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்து இறங்கியது. தையல் மெஷின்கள் மூன்று. மூன்றுக்கும் போர்வை போர்த்தியிருந்தது. இரண்டை ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது தானாகவே படியேறியது.

"அது எப்படிய்யா?" என்றார் தபால்காரர்.

"புது மாடலுங்க. சக்கரம் வச்சது."

"பின்னாடி என்னமோ ஆடுதே?"

"பெல்ட்டுங்க. கொஞ்சம் லூசா இருக்கு."

தபால்காரர் தலையாட்டினார். பொய் இவ்வளவு சுலபமாக விலைபோகும் என்று தையல்காரர் நினைக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே மெஷின் குரைத்தது.

"மாடியில என்ன சத்தம்?" என்று கீழேயிருந்து குரல்.

"எனக்குத்தாங்க! இருமல்!"

பத்து நிமிஷத்தில் தபால்காரரின் மகள் இருமல் மருந்தோடு வந்தாள். அவள் எதிரிலேயே ஒரு மூடி குடித்து, நம்பிக்கைக்காக நாலு தரம் இருமியும் காட்டினார். லொள், லொள், லொள், லொள். குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"உள்ள யாருண்ணே?"

"என் சம்சாரம்மா. அவளுக்கும் ஒட்டிக்கிச்சு."

அடுப்படியில் நின்ற சம்சாரம் பல்லைக் கடித்தாள். பிறகு கள்ளிச்செடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். "லொள்" என்றாள்.

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் நாயை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு இருவரும் கடைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பியதும், நாய் வாயைத் திறக்கும் முன் இவர்கள் முந்திக்கொள்வார்கள். தெருவுக்கு இந்த இருமல் பழகிவிட்டால், பிறகு நாய் குரைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது தையல்காரரின் யோசனை. அவருக்குக் கட்டைக் குரல், அவளுக்குக் கீச்சுக் குரல். நாலாம் நாள் அவள் ஊளையிலும் தேறிவிட்டாள். தெருநாய்கள் வாசலில் வந்து மரியாதையாக உட்கார்ந்தன. இவர்களுடைய நாய் மட்டும் மானம் போனதுபோல் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆறாம் நாள் சாயங்காலம் தபால்காரர் ஒரு டாக்டரோடு மாடியேறி வந்தார். பின்னால் மகள்.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்து நெஞ்சில் குழலை வைத்தார். "ஒரு தரம் இருமுங்க."

"லொள்."

"நீங்கம்மா?"

அவளும் இருமினாள். பாவம், பழக்கதோஷம், கடைசியில் ஒரு ஊளையும் சேர்ந்துவிட்டது.

டாக்டர் தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் விட்டத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கட்டிலடியிலிருந்து நாய் வெளியே வந்து, நேராகத் தபால்காரரின் காலை நோக்கி நடந்தது. தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அலறல் எதுவும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், தபால்காரரின் பாதத்தில் தாடையை வைத்து நாய் படுத்திருந்தது.

"தப்புதாங்க ஐயா" என்று தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களை என்ன வேணா சொல்லுங்க. இதை மட்டும் அனுப்பச் சொல்லாதீங்க."

"அதை யாருண்ணே அனுப்பச் சொன்னா?" என்றாள் மகள். "நீங்க கடைக்குப் போனதும் அது தனியா அழறது தாங்காம அப்பா இன்னொரு சாவி போட்டு அதைத் தினமும் கீழே கூட்டிட்டு வந்துடறாரு, அது பாட்டுக்குச் சமத்தா இருக்கு, டாக்டரைக் கூப்பிட்டது, சாயங்காலம் ஆனா நீங்க ரெண்டு பேரும் எதுக்குக் குரைக்கிறீங்கன்னு கேக்கத்தான்."