உலகத்திலேயே ஒரே ஒரு டிம்மர்மன்

டோலிடோ, ஒஹாயோ
பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லெஸ்டர் அவர்களுக்கு,

ஹார்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே முழங்கால் அளவு பனி. என் முதுகைத் தவிர மற்ற பாகங்கள் சௌக்கியம். அங்கே டூசானில் தாங்களும், தங்கள் கள்ளிச்செடிகளும், தங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவி லோரெட்டாவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். கல்யாணமே வேண்டாமென்று இத்தனை வயது வரை நிம்மதியாக இருந்துவிட்ட தங்களுக்குத் தங்கை செய்துவரும் பணிவிடைகளைப் பற்றிப் போனில் சொன்னீர்கள். தூண்டில்களை நீளவாரியாக அடுக்குகிறாளாம், பீரை ஒளித்து வைக்கிறாளாம், தாங்கள் ரொட்டி மெல்லும் சத்தத்தைக்கூடத் திருத்துகிறாளாம். கேட்டு நெகிழ்ந்துபோனேன்.

அவள் ஏன் அங்கே வந்தாள் என்பதற்கு அவள் சொல்லும் கதையை நம்ப வேண்டாம். நடந்தது இதுதான். ராய்ஸ் டிம்மர்மன் என்றொரு மகான் 1988-ல் ஒரே ஒரு சீசன் பேஸ்பாலில் பந்து வீசிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய ரூக்கி கார்டு, அதாவது சேகரிப்பவர்களுக்காக ஆட்டக்காரர் படம் போட்டு வரும் முதல் வருஷத்து அட்டை, அன்று லட்சக்கணக்கில் அச்சாகி மளிகைக் கடை வரை கிடந்தது. ஆனால் தரம் பார்க்கும் கம்பெனியிடம் பத்துக்குப் பத்து வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைக்கப்பட்ட டிம்மர்மன் உலகத்திலேயே இரண்டுதான். கம்பெனியே கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறது. முதலாவதை, என்னோடு பௌலிங் பந்து உருட்டும் கூட்டாளி நார்பர்ட் கெய்ஸர் இன்டர்நெட் ஏலத்தில் என்னை முந்திக்கொண்டு வாங்கிவிட்டான். இரண்டாவது ஏலத்துக்கு வந்தபோது நான் விடுவேனா? அவன் ஏற்ற, நான் ஏற்ற, அவன் வீம்புக்கு ஏற்ற, நான் மானத்துக்கு ஏற்ற, தொள்ளாயிரம் டாலரில் கர்த்தர் என் பக்கம் நின்றார். அது சமையலறைத் தரையைப் புதுசாகப் போட வைத்திருந்த பணம் என்பது சின்ன விஷயம். தரையில் இருந்த ஓட்டையில் லோரெட்டாவின் கால் மாட்டியபோதுதான் அது பெரிய விஷயமாகிவிட்டது.

“அந்த அட்டை இந்த வீட்டை விட்டுப் போற அன்னிக்குத்தான் நான் இந்த வீட்டுக்குள்ள கால் வைப்பேன், பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுத் தங்களிடம் விமானம் ஏறிவிட்டாள்.

விற்றுவிடலாம்தான். ஆனால் உலகத்தில் இரண்டு இருக்கும்போது விற்பவன் மடையன், ஒன்று இருக்கும்போது விற்பவன் வியாபாரி என்று எனக்குப் பட்டது. அதனால் மாதா கோயில் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தின்போது நார்பர்ட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நார்பர்ட், உன் உறையில ஒரு கீறல் இருக்கே, கவனிச்சியா? டிம்மர்மன் மூஞ்சியே கோணலாத் தெரியுது.”

“அதனால என்ன?”

“உடைச்சு எடுத்து மறுபடியும் அனுப்பு. புது உறையில பளபளன்னு வந்துடும்.”

“திரும்பவும் பத்து குடுப்பானா?”

“உன் கார்டுக்குக் குடுக்காம வேற யாருக்குடா குடுக்கப் போறான்?”

மனுஷன் அன்று சாயங்காலமே தன் பட்டறைப் பிடிக்குறட்டில் உறையை வைத்து முறுக்கினான். உறை உடைந்தது, கூடவே டிம்மர்மனின் தொப்பியும் ஒரு மூலையும் நசுங்கின. நான் கண்ணீர் விட்டேன், பாதி நிஜமாகவே. உறைக்குள் கார்டோடு இருந்த, மதிப்பெண் போட்ட சீட்டைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால்தான் கணக்கிலிருந்து கழிப்பார்கள். அதற்குத் தபால்தலை வாங்கி ஒட்டிய தர்மவான் நான்தான். கம்பெனி கணக்கில் இப்போது டிம்மர்மன் ஒன்றே ஒன்று, என் அலமாரியில்.

உடனே தொள்ளாயிரத்தில் ஆரம்பித்து ஏலத்தில் போட்டேன். ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கார்டு சந்தையில் கடை போடும் வெர்னாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி முறையிட்டேன்.

“உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு, வெர்னா.”

“என் குடல்வாலும் உலகத்துலயே ஒண்ணுதான் இருந்துச்சு. டாக்டர் வெட்டித் தூக்கிப் போட்டப்போ யாராவது விலை கேட்டாங்களா?” என்றாள் அந்த அம்மாள், சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே. “அந்தப் பெட்டியைப் பாரு. பத்து சென்ட்டுக்கு எத்தனை டிம்மர்மன் வேணும்னாலும் அள்ளிக்கோ. தரம் பாக்கற கூலிகூடத் தேறாதுன்னு எவனும் அனுப்பல. அதான் ரெண்டே ரெண்டு. அதுக்குத் தொள்ளாயிரம் ஆனது கார்டாலயா? ரெண்டு கிறுக்கனுங்க மோதினதால. ஒரு கிறுக்கன்கிட்ட கார்டு இருக்கு. இன்னொரு கிறுக்கனோட ஆசையைக் குறட்டுல வெச்சு நசுக்கிட்டே. இனி நீ யார்கிட்ட விப்பே?”

செர்ரி கேக் ஒன்று வாங்கிக்கொண்டு நார்பர்ட் வீட்டுக்கு ஓடினேன். என் கார்டை அவன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். அவன் கேக்கை வாங்கிக்கொண்டான், கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்கு டிம்மர்மனே வேணாம்டா. நான் இப்போ தபால்தலை சேக்கறேன். அன்னிக்கு நீ ஒட்டினே பாரு, அப்பதான் அதுல ஒரு பிடிப்பு வந்துச்சு” என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

மைத்துனரே, இனி மறைக்க என்ன இருக்கிறது. டப்பா சூப் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போச்சு. நேற்று அந்த ஓட்டையில் என் காலே மாட்டிக்கொண்டது. விழுந்து கிடக்கிறேன், என்னை வாய்விட்டுத் திட்ட வீட்டில் ஒரு ஆள் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளையோடு ஏலம் முடிகிறது. அதற்குப் பிறகு ஐந்து டாலருக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன், கேட்க ஆளில்லாவிட்டால் பனியில் வீசிவிடுவேன். எனக்குக் கார்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், லோரெட்டா வந்தால் போதும். இது பைபிள் மேல் சத்தியம். தாங்கள்தான் எப்படியாவது இதமாகப் பேசி அவளை அனுப்பி வைக்க வேண்டும்.

தங்கள் தூண்டிலில் பெரிய மீனாக மாட்டட்டும், தங்கள் மூட்டுவலி பாலைவன வெயிலில் உருகி ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ஹார்வி ப்ளம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் மணி அடித்தது. தொள்ளாயிரத்துக்கு ஒருவர் கேட்டுவிட்டார். புனைபெயர் ‘தனிமைவிரும்பி’, ஊர் தங்கள் டூசானேதான். கூடவே ஒரு குறிப்பு: ‘கார்டை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. விற்றுவிட்டதாக உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். விமான டிக்கெட்டும் நானே எடுத்துத் தருகிறேன்.’ எனக்குக் கல்யாணமான விஷயம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்ததோ போங்கள். ஆனால் கார்டே கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று பணம் நீட்டுகிற அளவுக்கு ஒருவனுக்கு டிம்மர்மன் மேல் பித்து என்றால், அவன் இரண்டாயிரமும் தருவான். ஆகவே விற்பனையை ரத்து செய்துவிட்டேன். லோரெட்டா கோடை முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். அந்த ஆள் தங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஹார்விக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லி வையுங்கள்.