பக்கம் திருப்பப் போனவன்

ஒரு பெண்ணிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று நினைத்துவிட்டால் ஆண்பிள்ளைக்குத் தெரியாத வித்தையே கிடையாது. எனக்கு அப்படித்தான் ஒரே நாளில் மேற்கத்திய இசைக் குறிப்பு படிக்க வந்துவிட்டது.

அப்போது நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன். (காதால் கேட்டு வாசிப்பதுதான். ஐந்து கோடு போட்ட அந்தக் காகிதத்தைப் பார்த்தால் கம்பியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.) அதே பள்ளியில் அறிவியல் டீச்சர் ஆக்னஸ், வரதராஜன்பேட்டைப் பெண். ஒருநாள் கேட்டாள்:

"சார், உங்களுக்கு நோட்ஸ் படிக்க வருங்களா? எங்க அக்கா பியானோ வாசிக்க வராங்க. பக்கத்துல நின்னு பக்கம் திருப்ப ஆள் வேணுமாம்."

"தண்ணி பட்ட பாடு, டீச்சர்" என்றேன்.

அவள் அக்கா ஜெசிந்தா சென்னையில் பியானோ கற்றுக்கொடுப்பவர். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அநியாயத்தை எதிர்த்து எழுதப்பட்ட பியானோ இசையை, போர் வேண்டாமென்றும் கூலி போதவில்லையென்றும் எழுதியதை, அப்பாவோடு வேலை செய்தவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. திருச்சியிலிருந்து வந்த பியானோவை எட்டுப் பேர் சேர்ந்து கல்யாண மண்டப மேடையில் ஏற்றினார்கள்.

"நான் தலைய ஆட்டுனா திருப்புங்க தம்பி. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார் அக்கா.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் மனதில் வாங்கியிருக்க வேண்டும்.

முதல் மூன்று உருப்படிகளும் தலையாட்டலிலேயே தப்பித்துப் போயின. கடைசி உருப்படியைப் பற்றி அக்கா எழுந்து பேசியபோது, ஃபேன் காற்றில் பறந்த தாள்களை நான் மேடைக்குப் பின்னால் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

வாசிக்கத் தொடங்கினார். இடது கை கல் உடைத்தது. வலது கையில் ஒரு பாட்டு, தூரத்திலிருந்து கும்பலாக நடந்து வருகிறவர்கள் பாடுவது போல. திடீரென்று அக்கா இரண்டு முழங்கைகளாலும் கட்டைகளை ஓங்கி அறைந்தார். மண்டபம் அதிர்ந்தது. மறுபடியும் அறைந்தார். மூன்றாவது அறையோடு அப்படியே பியானோ மேல் தலை கவிழ்ந்துவிட்டார். அசைவே இல்லை.

காலையிலிருந்து அக்கா ஒன்றும் சாப்பிடவில்லையென்று ஆக்னஸ் சொன்னது எனக்கு அப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்? பாய்ந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகத்தில் அடித்தேன். சாதாரணமாக இல்லை, அரை பாட்டில்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "விடுங்க தம்பி. இது பாட்டுல இருக்கு."

விட்டேன். தலை கட்டைகளில் மோதி ஒரு சத்தம் வந்தது. (அது மட்டும் பாட்டில் இல்லை.) முன்வரிசையில் ஆக்னஸ் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. சத்தம் முழுக்க அடங்கியதும், நீர் சொட்டச் சொட்ட அக்கா நிமிர்ந்தார். அந்த நடைப்பாட்டையே ஒற்றை விரலால் மெதுவாகத் தொடங்கினார். தனி ஆள் முனகுவது போலிருந்தது. அப்புறம் இரண்டு பேர், பத்துப் பேர், கடைசியில் ஒரு ஊரே வந்து சேர்ந்துகொண்டது. தலையாட்டினார், நான் மரம்போல் நின்றேன். அவரே பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். பாறையில் வெடி வைத்து வாழ்ந்த மனிதர்கள் முந்நூறு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

கீழே இறங்கியதும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ஜெயில் போலீஸா வந்தீங்களே, தத்ரூபம்! அந்தப் புள்ள மூஞ்சில தண்ணி அடிச்சப்ப, மேடையேறி ரெண்டு போடலாமான்னு இருந்துச்சுங்க."

அவர் மேலும் சொல்லச் சொல்லத்தான், மேடைக்குப் பின்னால் நான் தவறவிட்டது விளங்கியது. சுரங்கத் தொழிலாளிகளோடு சேர்ந்து போராடிச் சிறைக்குப் போன ஒருவர் எழுதிய இசை அது. முழங்கையால் அறைந்தது சிறைக்கதவு சாத்துகிற சத்தம். கவிழ்ந்து கிடந்தது கைதி. திருதிருவென்று அக்காவைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே, ரிகர்சல்கூட இல்லாம செஞ்சாரு" என்றார் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே.

அடுத்த வருஷம் எனக்கும் ஆக்னஸுக்கும் கல்யாணம். அக்கா தந்த பரிசு, கண்ணாடிச் சட்டம் போட்ட, அந்தக் கடைசி உருப்படியின் இசைத்தாள். கைதி கவிழ்கிற இடத்துக்கு மேலே பென்சிலில் எழுதியிருந்தார்: 'மயக்கம் இல்லை. தண்ணீர் தெளிக்க வேண்டாம்.'

அது எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், நான் சிறைக்குப் போன அந்த மனிதரிலிருந்து தொடங்குவேன். ஆக்னஸ் பாட்டிலிலிருந்து தொடங்குவாள். என் மாமனார் மட்டும் சிரிக்க மாட்டார். என் முன்னாலிருக்கும் தண்ணீர் டம்ளரை எடுத்து, எனக்கு எட்டாத தூரத்தில் வைப்பார்.