மறுபடி எரிந்த பஸ்பம்

அமாவாசை வந்தால் நெய்வேலியில் குழந்தைவேல் வீட்டு வாசலில் திருவிழாதான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வரிசையில் நின்றார்கள். கம்மாபுரத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் குழந்தைவேலின் கையைத் தொட்டுக் கும்பிடத்தான்.

சாதாரணக் கையா அது? முறம்! ஆறு வருஷத்துக்கு முன் எட்டாம் நம்பர் சேப்டி ஷூ போட்ட கால், இப்போது பதினொன்று கேட்டது. தாடை முன்னுக்கு வந்துவிட்டது. கல்யாண மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் வளர்ந்தால் டாக்டரிடம் ஓட வேண்டாமா? நம் ஜனங்கள் மருதாசலம் சாமியைக் கூட்டிவந்தார்கள்.

சாமி பார்த்தார். தாயத்து கட்டினார். “வஜ்ர முனி எறங்கியிருக்காரு. இவன் எலும்பு இனிமே இரும்பு!” என்றார். அந்த இரும்பு மனிதனோ முதுகு வலி தாங்காமல் முனகினான். முனி உறுமுகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வந்தவர்களுக்கெல்லாம் வஜ்ர பஸ்பம். மூலிகையை நாற்பத்தெட்டு நாள் புடம் போட்டு, சாம்பலாக்கி எடுத்ததாம். எலும்பு உறுதிக்குத் தேனில் குழைத்து நக்க வேண்டும். மாதவிலக்கு நின்றபின் இடுப்பு நோகிற பெண்கள்தான் அதிகம் வாங்கினார்கள்.

குழந்தைவேலின் பெண்டாட்டி கனகத்துக்கு மட்டும் சந்தேகம். புருஷனுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவதே இப்போது அவள்தான்.

“சாமி, அவரால குனிய முடியலீங்க. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடறோம்.”

“மிஷின் கண்ணு பட்டா முனி கோச்சிக்கினு பூடுவாரு. அப்பறம் ஒன் புருசன் உசுருக்கு நான் பொறுப்பில்ல.”

உசுரு என்றதும் கனகம் எக்ஸ்ரே பேச்சை விட்டுவிட்டாள். சாமிக்குத் தெரிந்த சாஸ்திரம் இந்தப் பயமுறுத்தல் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு நசீமாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியைக் கூட்டி அள்ளுவாள். கனகம் காட்டிய பொட்டலத்தைப் பிரித்ததும் அவளுக்குத் தும்மல் வந்தது. பழகிய தும்மல்.

“அக்கா, இத்த நான் தினம் எட்டு மணி நேரம் கூட்டிக்கினு கெடக்கறேன். இதுக்கா வரிசை?”

“சும்மா இருடி. சாமி சாபம் குடுத்துடும்.”

“சாபத்த அப்பறம் பாத்துக்கலாம். வெந்து சாம்பலானது மறுக்கா எரியுமா, சொல்லு?”

இருபது வருஷம் அடுப்போடு மல்லுக்கட்டியவள் கனகம். “அது எப்பிடி எரியும்?” என்றாள். சொன்ன பிறகு யோசித்தாள்.

அடுத்த அமாவாசை. சாமி உட்கார்ந்ததும் கனகம் தூபக்காலில் கங்கு நிறைய கொண்டுவந்தாள். “பஸ்பத்துக்கே இன்னைக்குப் பூசைங்க, சாமி” என்றவள், சாமி கையை நீட்டுவதற்குள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

குப்பென்று பற்றியது. புகை எழுந்தது. வரிசையில் நின்ற பாய்லர் ஆட்கள் மூக்கை உறிஞ்சினார்கள். முப்பது வருஷம் மூக்கில் ஏறிய வாசனையாயிற்றே!

“டேய், இது நம்ம கரிடா!”

கரியை வெட்டிச் சோறு தின்கிற ஊர். அதையே பொட்டலம் கட்டிக் கொடுத்ததும் ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை!

“முனி கோவத்துல எரியறாரு!” என்று சாமி கத்தினார்.

“அப்ப பவர் ஹவுஸ்ல எரியறது யாரு சாமி, அவரு அண்ணனா?” என்றாள் நசீமா.

சிரிப்பு அடங்குவதற்குள் சாமி தோட்டத்துப் பக்கமாகக் கம்பி நீட்டிவிட்டார்.

அன்றைக்கே கனகம் புருஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இரும்பு முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் இசைப்பிரியா விவரம் சொன்னார்.

“மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி. அதுல கட்டி. வளர்ச்சி ஹார்மோன் எக்கச்சக்கமா சுரக்குது. எலும்பு வெளிய பருத்து, உள்ள பொத்தலாயிடும். ஆண் ஹார்மோனையும் அந்தக் கட்டி கொறைச்சிடுச்சு. அது கொறைஞ்சா எலும்பு இன்னும் வீக்காகும். மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கும் இதே கததான், பெண் ஹார்மோன் கொறையறதால.”

“அப்ப முனி?” என்றான் குழந்தைவேல், பாவம்.

“மூக்கு வழியா ஆபரேஷன் பண்ணி வெளிய எடுத்துடலாம். முன்னாடியே வந்திருந்தா முதுகு தப்பிச்சிருக்கும்.”

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் வாசலில் நாலு பேர்! “சாமியோட பொய்யையே எரிச்ச கை. ஒரு தடவ தொட்டுக்கறோம் கனகம்மா.”

கனகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தலைக்குள்ள பட்டாணி அளவு கெட்டதுக்கே எங்க வூட்டு ஆளு இந்தப் பாடு பட்டாரு. ஒங்களுக்குத் தலை மொத்தமும் நல்லாத்தான் இருக்கு. அத்த எதுக்குப் பூட்டி வெச்சிக்கினு என் கையக் கேக்கறீங்க?”